கொதி இழப்பு (பியர் தயாரிப்பு)

கொதி இழப்பு என்பது பியர் தயாரிப்பின்போது, வோர்ட்டு எனப்படும் இனிப்பான மால்ட் சாற்றைக் கொதிக்க வைக்கையில் அதிலிருந்து நீர் ஆவியாகி வெளியேறுவதால் ஏற்படும் கன அளவுக் குறைவு ஆகும். நீர் குறையும்போது சாற்றில் உள்ள சர்க்கரை குறைவதில்லை. எனவே கொதி இழப்பு பியரின் அளவை மட்டுமன்றி, அதன் மதுச்செறிவையும் சுவையையும் தீர்மானிக்கின்றது. ஒரு தடவைக்கு 20 லிட்டர் அளவிலேயே தயாரிக்கும் வீட்டுத் தயாரிப்பாளர்களுக்கு ஓரிரு லிட்டர் வேறுபாடும் பெரிய மாற்றத்தை உண்டாக்கும்.

ஐக்கிய இராச்சியத்தில் 1963 ஆம் ஆண்டிலும், ஐக்கிய அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டத்தின்படி 1979 ஆம் ஆண்டிலும் சொந்தப் பயன்பாட்டுக்காக உரிமமின்றி வீட்டில் பியர் தயாரிப்பது அனுமதிக்கப்பட்டது. அதன்பின் இந்நாடுகளில் இப்பொழுதுபோக்கு பரவலானது.

கொதிக்க வைப்பதன் நோக்கம்

வோர்ட்டு பொதுவாக 60 முதல் 90 நிமிடங்கள் வரை கொதிக்க வைக்கப்படுகின்றது. இதனால் நுண்ணுயிர்கள் அழிகின்றன. புரதங்கள் திரண்டு படிகின்றன. ஹாப்ஸ் பூக்களில் உள்ள ஆல்பா அமிலங்கள் வடிவம் மாறிக் கசப்பைத் தருகின்றன. மால்ட்டில் உள்ள எஸ்-மெதில் மெத்தியோனின் என்னும் சேர்மம் வெப்பத்தால் சிதைந்து, வேகவைத்த சோளத்தின் மணமுடைய டைமெதில் சல்பைடாக மாறுகின்றது. இச்சேர்மம் நீராவியுடன் வெளியேறிவிட வேண்டும். ஆகவே கொதி இழப்பு முழுவதும் தவிர்க்கப்பட வேண்டிய ஒன்றன்று. அதன் அளவை முன்கூட்டியே அறிந்திருப்பதே தேவையானது.

காரணிகள்

நீர் எவ்வளவு விரைவாக ஆவியாகும் என்பது முதன்மையாக அடுப்பு தரும் வெப்பத்தைப் பொறுத்தது. 100 பாகை செல்சியஸில் உள்ள ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோஜூல் ஆற்றல் தேவை. இதன்படி மணிக்கு 4 கிலோகிராம் நீர் ஆவியாக வேண்டுமெனில், பிற வெப்ப இழப்புகள் நீங்கலாக, 2.5 கிலோவாட் திறன் சாற்றைச் சென்றடைய வேண்டும். பாத்திரத்தின் வாய் அகலம், மூடி, திறந்தவெளியில் வீசும் காற்று ஆகியனவும் இழப்பை மாற்றும்.

கொதி இழப்பைச் சதவீதத்தில் கூறுவது வீட்டுத் தயாரிப்பில் தவறான கணக்கிற்கு இட்டுச்செல்லும். ஒரே பாத்திரத்தில், ஒரே அடுப்பில், 20 லிட்டர் சாற்றில் இருந்து மணிக்கு 4 லிட்டர் ஆவியானால், 10 லிட்டர் சாற்றில் இருந்தும் ஏறத்தாழ அதே 4 லிட்டர் ஆவியாகும். முதலாவதில் இழப்பு 20 சதவீதம். இரண்டாவதில் 40 சதவீதம். எனவே இழப்பை மணிக்கு இத்தனை லிட்டர் என்று குறிப்பதே பொருத்தமானது.

அளவிடும் முறை

பயன்படுத்தவிருக்கும் பாத்திரத்தில் அளந்த நீரை ஊற்றி, வழக்கமான தீயில் ஒரு மணி நேரம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, ஆறியபின் மீண்டும் அளந்தால் கொதி இழப்பு வீதம் கிடைக்கும். நீர் 100 பாகையில் இருந்து 20 பாகைக்குக் குளிரும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 4 சதவீதம் சுருங்கும். இச்சுருக்கத்தை ஆவியாதலுடன் சேர்த்து எண்ணிவிடாதிருக்க, இரு அளவுகளையும் ஒரே வெப்பநிலையில் எடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நொதிக்கும் கலனுக்கு 19 லிட்டர் தேவை. அடிமண்டியுடன் 1 லிட்டர் கழியும். கொதி இழப்பு 4 லிட்டர் எனக் கொள்வோம். தொடக்கத்தில் தேவையான சாறு 24 லிட்டர். சூடான நிலையில் இதுவே 25 லிட்டர் அளவுக்கு விரிந்து நிற்கும்.

ஒப்படர்த்தியுடன் தொடர்பு

திரவமானி காட்டும் ஒப்படர்த்தியில் 1.000 இற்கு மேற்பட்ட பகுதியை ஆயிரத்தால் பெருக்கினால் வருவது 'புள்ளி' எனப்படும். கன அளவு, புள்ளி ஆகிய இரண்டின் பெருக்குத்தொகை கொதிக்கும்போது ஏறத்தாழ மாறாதிருக்கும். 1.042 ஒப்படர்த்தியுடைய 24 லிட்டர் சாற்றின் பெருக்குத்தொகை 1,008 ஆகும்.

* 22 லிட்டர் எஞ்சினால்: ஏறத்தாழ 1.046
* 20 லிட்டர் எஞ்சினால்: ஏறத்தாழ 1.050
* 18 லிட்டர் எஞ்சினால்: 1.056

திருத்தும் முறைகள்

அளவுக்கு மிஞ்சிச் சுண்டிவிட்டால் நீர் சேர்க்கலாம். மேற்கண்ட 18 லிட்டர் சாற்றுடன் 2 லிட்டர் நீர் சேர்த்தால் ஒப்படர்த்தி 1.050 ஆகிவிடும். தீயை அணைத்தபின் சேர்ப்பதாயின், கிருமித் தொற்றைத் தவிர்க்கக் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்த வேண்டும்.

இழப்பு போதாதிருந்தால் கொதிக்கும் நேரத்தை நீட்டலாம். ஆனால் ஹாப்ஸ் இட்ட பின்னர் நேரத்தை நீட்டினால் கசப்பு கூடும், மணம் குறையும். ஆதலால் கொதி தொடங்குமுன் கன அளவையும் ஒப்படர்த்தியையும் சோதித்து, கூடுதல் நேரத்தை ஹாப்ஸ் இடுவதற்கு முன்பே முடித்துக்கொள்வது நன்று. உலர்ந்த மால்ட் சாரத்தைச் சேர்த்து ஒப்படர்த்தியை உயர்த்துவதும் உண்டு.

மூடியின் பயன்பாடு

இழப்பைக் குறைக்கப் பாத்திரத்தை முழுவதும் மூடிக் கொதிக்க வைப்பது ஏற்றதன்று. டைமெதில் சல்பைடு கலந்த நீராவி மூடியில் குளிர்ந்து மீண்டும் சாற்றிலேயே சொட்டும். சாறு பொங்கி வழிந்து தீக்காயம் ஏற்படும் இடரும் உண்டு. கொதிநிலை வரும்வரை மூடியிருந்து, பின்னர் திறந்துவிடுவது வழக்கம். வீட்டினுள் தயாரிப்போர் சிலர், நீராவியைக் குளிர்வித்து அந்நீரைப் பாத்திரத்திற்கு வெளியே வடிக்கும் ஆவிச்சுருக்கிகளைப் பயன்படுத்துகின்றனர்.

உயரமான இடங்கள்

கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில் உள்ள அமெரிக்காவின் போல்டர் நகரில் நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கும். அமெரிக்க வீட்டு பியர் தயாரிப்பாளர் சங்கம் 1978 இல் தொடங்கப்பட்டது இந்நகரில்தான். இத்தகைய இடங்களில் ஹாப்ஸ் கசப்பு வெளிப்படுவதும் எஸ்-மெதில் மெத்தியோனின் சிதைவதும் மெதுவாகவே நிகழும். ஆதலால் கொதிக்கும் நேரத்தை நீட்டினால், அதனால் கூடும் கொதி இழப்பையும் ஈடுசெய்யும் அளவுக்குத் தொடக்கச் சாற்றைக் கூட்ட வேண்டும்.