ஜிஎஸ்டி இழப்பீடும் வணிகர்களின் வரி ஒழுங்கும்

ஜிஎஸ்டி இழப்பீடு என்பது, சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, மாநிலங்களின் வருவாய் இழப்பை ஐந்தாண்டுகளுக்கு ஈடுகட்டுவதாக ஒன்றிய அரசு சட்டப்படி அளித்த உறுதி. பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கே இவ்வரி போகும். எனவே உற்பத்தி மிகுந்த மாநிலங்கள் வருவாய் இழப்பை எண்ணி அஞ்சின. 2016 ஆகஸ்டில் இதற்கான அரசியல் சட்டத் திருத்தம் மாநிலங்களவைக்கு வந்தபோது, அவற்றில் ஒன்றான தமிழ்நாட்டை ஆண்ட அ.தி.மு.க.வின் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர்.

ஜிஎஸ்டிக்குள் கரைந்த வரிகளில் 2015-16இல் கிடைத்த வருவாயே அடிப்படை. அது ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்வதாகக் கொள்ளப்பட்டது. அதாவது அன்று 100 ரூபாய் ஈட்டிய மாநிலத்துக்கு 2021-22இல் 219 ரூபாய்க்கு மேல் உறுதி. இந்தக் கணக்கில்தான் சிக்கல். உறுதித் தொகையை எட்டாத மாநிலத்தில், வணிகவரி அலுவலர் ஒரு கடையின் ஏய்ப்பைப் பிடித்து மாநிலப் பங்காக 1 கோடி ரூபாய் கூடுதலாக வசூலித்தால், இழப்பீட்டில் அதே 1 கோடி குறையும். உழைத்த மாநிலத்துக்கும் உழைக்காத மாநிலத்துக்கும் கருவூல இருப்பு ஒன்றே. பெரும்பாலான மாநிலங்களுக்கு இது பொருந்தியது: 2019-20இல் மிசோரம், நாகாலாந்து போன்ற சில வடகிழக்கு மாநிலங்கள் மட்டுமே இழப்பீடு தேவைப்படாத நிலையில் இருந்தன.

பெரிய நிறுவனங்களின் வரி ஒழுங்கை இந்த ஊக்கக் குறைவு அதிகம் பாதிக்காது. கொள்முதலில் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு வேண்டுமென்பதால் வாங்குபவரே பில் கேட்டு வாங்கிவிடுவார். கடைசி நுகர்வோருக்கு அந்த வரவு கிடையாது. சங்கிலி அறுவது சில்லறைக் கடையில்தான். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடிக்கு உட்பட்ட வரி செலுத்துவோரில் 90 விழுக்காட்டினரைக் கண்காணிக்கும் பொறுப்பும் மாநிலங்களிடமே விடப்பட்டது. ஊக்கம் எங்கே மிக அவசியமோ அங்கேயே அதைக் குறைத்தது இந்த ஏற்பாடு என்பது கடுமையாகத் தோன்றினாலும் நியாயமான விமர்சனமே.

ஆனால் அதன் விளைவை மட்டும் பிரித்து அளப்பது கடினம். 2018 ஏப்ரலில் சரக்குப் போக்குவரத்துக்கான இ-வே பில்லும், 2020 அக்டோபரில் பெருநிறுவனங்களுக்கு மின்விலைப்பட்டியலும் வந்து ஏய்ப்பின் வழிகளை அடைத்தன. கொரோனா காலத்தில் இழப்பீட்டுக்கு நிதி தந்த மேல்வரி போதாமல், ஒன்றிய அரசு கடன் வாங்கி மாநிலங்களுக்கு 2020-21இல் 1.10 லட்சம் கோடியும் அடுத்த ஆண்டு 1.59 லட்சம் கோடியும் தந்தது. தாமதமாக வரும் ஈட்டுத்தொகையைவிடத் தன் கையால் வசூலித்த பணமே சம்பள நாளுக்கு உதவும் என்பதை மாநிலங்கள் அப்போது உணர்ந்தன.

இழப்பீட்டுக் காலம் 2022 ஜூன் 30 அன்று முடிந்தது. அதன்பின் கூடுதல் வசூலில் மாநிலப் பங்கு முழுதும் மாநிலத்திடமே தங்குகிறது. எனினும் வசூல் முயற்சிக்கான வெகுமதி வேறிடத்தில் சிறிதாகவே இருந்தது: ஒன்றிய வரிகளைப் பகிரும் வாய்பாட்டில் 15ஆவது நிதிக்குழு மாநிலத்தின் வரி முயற்சிக்குத் தந்த எடை 2.5 விழுக்காடு, தலா வருமானத்தில் பின்தங்கிய அளவைக் குறிக்கும் வருமான இடைவெளிக்கு 45.