சுவரில் யாருடைய பணம்?
பல்கலைக்கழக வளாகங்களின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்



நிலக்கோட்டையில் பேசக் கூப்பிட்டபோது, இலக்கிய மன்றத்தில் சிமெண்டும் செங்கல்லும் பற்றிப் பேசலாமா என்று தயங்கினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நம் இலக்கியத்தின் ஒரு பெரிய பகுதி ஒரு கல்லூரி வளாகத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்த வளாகத்தை யார் கட்டினார்கள், எந்தப் பணத்தில் கட்டினார்கள் என்பது தெரியாமல் அந்த இலக்கியத்தின் வரலாறு முழுமையாகாது. அதனால் தயக்கத்தை விட்டுவிட்டேன்.

நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947 அக்டோபரில் அதைத் தொடங்கினார்கள். 1956இல் அது கிராமிய உயர்கல்வி நிலையமானது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அந்த அந்தஸ்தோடு பல்கலைக்கழக மானியக் குழுவின் பணமும் வந்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1966இல், மதுரைப் பல்கலைக்கழகம் அமைந்து நாகமலை ஓரத்தில் வளர்ந்தது. ஒன்றுக்குக் காந்தியின் பெயரும் மத்திய அரசின் மானியமும் துணை. மற்றொன்றை மாநில அரசே நிறுவியது. இன்னும் வடக்கே, சிதம்பரத்தில் வேறொரு வகையைப் பார்க்கலாம். அங்கே 1929இல் ராஜா அண்ணாமலைச் செட்டியாரின் கொடையில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது 1916இல், அதாவது 13 ஆண்டுகள் முன்னதாக. முன்னால் தொடங்கியது பள்ளியாகவே நின்றது, பின்னால் வந்தது பல்கலைக்கழகமானது. அறிவிலோ உழைப்பிலோ சகஜானந்தர் குறைந்தவரல்ல. முதலீடு இல்லை, அவ்வளவுதான்.

கொடை, மானியம், அரசு நிதி என்ற இந்த மூன்று வழிகளும் அடைபட்டிருந்தவர்கள் உயர்கல்விக்கு எப்படிக் கட்டடம் கட்டுவது? இந்தக் கேள்வியைக் கணக்குப் புத்தகத்தோடு எதிர்கொண்டவர் பாபாசாகேப் அம்பேத்கர்.

1942 ஜூலையில் அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அக்டோபர் 29ஆம் தேதி லின்லித்கோ பிரபுவிடம் பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து ஒரு மனு கொடுத்தார். அதை அரசியல் மனு என்றே பலரும் படிக்கிறார்கள். நான் அதை ஒரு வரவுசெலவு ஆவணமாகப் படிக்கிறேன். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் இந்திய அரசு ஆண்டுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தருவதை அதில் எடுத்துக்காட்டினார். எங்கள் மக்களின் உயர்கல்விக்கும் அதே 3 லட்சம் வேண்டும் என்பதே அவர் கேட்டதன் சாரம். இரக்கத்தை நம்பி அவர் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்குக் கொடுத்த தொகையைச் சுட்டிக்காட்டிக் கேட்டார். அந்தப் பணம் வந்தது. நம் பிள்ளைகள் வெளிநாடு போய்ப் படித்தார்கள். ஆனால் அது உதவித்தொகை. அதை வைத்துப் படிக்கலாம், சுவர் எழுப்ப முடியாது.

சுவருக்காக 1945 ஜூலையில் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946 ஜூன் 20 அன்று பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறந்தது. கட்டடம் என்று சொல்லத்தக்க ஒன்று அப்போது அதற்கு இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து காலியாகிக் கிடந்த ராணுவக் கொட்டகைகளில்தான் வகுப்புகள் நடந்தன. பின்னால்தான் கோட்டைப் பகுதியில் ஆனந்த் பவன், புத்த பவன் என்று சொந்த இடம் வந்தது. இதில் ஒரு திட்டம் இருப்பதாக எனக்குப் படுகிறது. முதலில் மாணவர், அப்புறம் கூரை, கடைசியில் முகப்பு. இன்றைய வளாகங்கள் பலவற்றில் அலங்கார நுழைவாயில் முதலில் எழுகிறது, பெண்கள் விடுதி கடைசியில்தான் வருகிறது.

அடுத்தது அவுரங்காபாத். மராத்வாடா அப்போது ஹைதராபாத் மாநிலத்தில் இருந்தது. உயர்கல்விக்கு வழியில்லாத வறண்ட பூமி. 1950இல் அங்கே கல்லூரி தொடங்கினார் அம்பேத்கர். பின்னாளில் அதற்கு மிலிந்த் மகாவித்யாலயா என்று பெயர் வந்தது, வளாகம் நாகசேனவனம் ஆனது. பணம் எங்கிருந்து வந்தது? நிஜாம் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கென ஒரு கோடி ரூபாயில் ஓர் அறக்கட்டளை நிதி ஒதுக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து மக்கள் கல்விக் கழகம் கடன் வாங்கியது. கடன் என்ற சொல்லைக் கவனியுங்கள். அண்ணாமலை நகருக்குக் கொடை, பனாரசுக்கு மானியம், நாகசேனவனத்துக்குக் கடன். அந்த நிதியோ நம் மக்களுக்கென்றே ஒதுக்கியது. நம் பெயரில் இருந்த பணத்தை நாமே கடனாக வாங்கித் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது.

1951 செப்டம்பர் 1 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே மாதம் 27ஆம் தேதியிட்ட கடிதத்தில்தான் அம்பேத்கர் மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலகினார். இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கிப்போன நாட்கள் அவை. நாடாளுமன்றத்தில் எழுப்ப விடாததை அவர் அவுரங்காபாத்தில் எழுப்பிக்கொண்டிருந்தார். இது என் வாசிப்பு, ஏற்காதவர்கள் விட்டுவிடலாம். அந்தக் கல்லூரி நம்மவருக்கு மட்டும் என்று பூட்டி வைக்கப்படவில்லை. எல்லாச் சாதி மாணவரும் அங்கே படித்தார்கள்.

அதன் விடுதிகளிலிருந்தும் வகுப்புகளிலிருந்தும் என்ன வந்தது என்பது இந்த மன்றத்துக்குத் தெரியும். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய எம். என். வான்கடே அதன் முதல்வராக இருந்தவர். அங்கே பேராசிரியராயிருந்த கங்காதர் பாந்தாவணே 1960களின் கடைசியில் நடத்தத் தொடங்கிய இதழ்தான் 'அஸ்மிதாதர்ஷ்'. மராத்தி தலித் இலக்கியத்துக்கு அது முற்றமாக இருந்தது. ஊர்ச் சத்திரத்தில் நுழைய முடியாத பையன்கள் ராத்திரி விளக்கெரிய ஒரு வராந்தாவில் உட்கார்ந்து பேச முடிந்தது. அது நடக்க அந்த வராந்தாவை யாராவது திட்டத்தில் வரைந்திருக்க வேண்டும், அதற்கு யாராவது பணம் தேடியிருக்க வேண்டும்.

1958 ஆகஸ்டில் அந்த வளாகத்தின் பக்கத்திலேயே மராத்வாடா பல்கலைக்கழகத்தை அரசு தொடங்கியது. கல்விக்கு முதல் நிலம் உழுதவரின் பெயரை அதற்கு வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். 1978 ஜூலை 27 அன்று மகாராஷ்டிர சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மராத்வாடா முழுக்கக் கலவரம் மூண்டது. சேரிகள் எரிந்தன. போச்சிராம் காம்ப்ளே போன்றோர் கொல்லப்பட்டார்கள். டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் பெயர் 1994 ஜனவரி 14 அன்றுதான், அதுவும் மராத்வாடா என்ற பெயரோடு சேர்ந்து, பலகையில் ஏறியது. நமது மதுரைப் பல்கலைக்கழகம் காமராசர் பெயரைப் பெற்றதும் அதே 1978இல்தான். அதற்காக இங்கே ஒரு குடிசையும் எரியவில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நம் வரலாற்று நூல்களுக்கு இல்லை.

இனி பணம் வரும் வழிக்கு வருகிறேன். இந்தப் பகுதி கொஞ்சம் வறட்சியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெடுங்காலம் பல்கலைக்கழகக் கட்டடங்கள் ஐந்தாண்டுத் திட்டத்தின் தாளத்தில் எழுந்தன. வளாகம் தன் தேவையை எழுதி அனுப்பும், குழு வந்து பார்க்கும், தொகை தவணையாக வரும். செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்று கொடுத்தால் அடுத்த தவணை வரும். எந்தக் கட்டடம் முதலில் என்பதை வளாகத்தின் கட்டடக் குழு முடிவு செய்யும். துணைவேந்தர், நிதி அலுவலர், பொறியாளர் என்று அதில் இருப்பார்கள். விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியில் அறை தேடி, சாதி கேட்கும் வீட்டுக்காரரிடம் நிற்கும் மாணவர் அந்த அறையில் இருக்கமாட்டார்.

என் அம்மா சித்தாள் வேலை பார்த்தவர். ஒரு கல்லூரிக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குச் சாரத்தில் ஏறிக் கலவைச் சட்டி சுமந்தார். பல ஆண்டுகள் கழித்து அந்த மாடியில் நான் ஒரு தேர்வு எழுதினேன். மேஜையின் சாய்வைக் குற்றம் சொன்னேனே தவிர தளத்தைப் பார்க்கவில்லை.

1979-80 முதல் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டம் இருக்கிறது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியில் ஒரு பங்கை நமக்கென ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வரவுசெலவுப் புத்தகத்தில் அதற்கு 789 என்ற தலைப்பு எண் உண்டு. மானியக் குழு மூலதனச் சொத்துகளுக்குப் பணம் விடுவித்த ஆணைகளைப் பாருங்கள். பொது, பட்டியல் சாதி, பழங்குடி என்று தொகை மூன்றாகப் பிரிந்திருக்கும். அதாவது ஆய்வகமோ நிர்வாகக் கட்டடமோ, அதன் சுவரில் 789இன் பணமும் கலந்திருக்கக்கூடும். திறப்பு விழாக் கல்வெட்டில் அமைச்சர் பெயர் இருக்கும், ஒப்பந்ததாரர் பெயர்கூட இருக்கும். அந்தப் பங்கு இருக்காது. ஆனால் விடுதி கட்டு என்று கேட்டால் மட்டும், அது ஆதிதிராவிடர் நலத்துறை வேலை, தாட்கோவிடம் போ என்பார்கள். நம் பணம் வளாகத்துக்குள் நுழையும்போது பொதுப்பணம். நம் பிள்ளை நுழையும்போது நலத்துறைப் பிள்ளை.

12ஆம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்ததோடு அந்தத் தாளமும் போனது. மத்திய கல்வி நிறுவனங்களின் கட்டடங்களுக்கு அதே ஆண்டு உயர்கல்வி நிதி முகமை வந்தது. மத்திய அரசும் கனரா வங்கியும் சேர்ந்து அமைத்தது அது. அது கொடுப்பது கடன். வட்டியின் பெரும்பகுதியை அரசு பார்த்துக்கொள்கிறது. பழைய தொழில்நுட்ப நிறுவனங்கள் அசலைத் தங்கள் சொந்த வருவாயிலிருந்து அடைக்க வேண்டும். மத்திய பல்கலைக்கழகங்களுக்கு அந்தச் சுமை குறைவு. சொந்த வருவாய் என்றால் பெரும்பாலும் மாணவர் கட்டணம், விடுதிக் கட்டணம்.

இதற்கு நாகசேனவனத்தை உதாரணம் காட்டி, அம்பேத்கரே கடன் வாங்கித்தானே கட்டினார் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். எல்லா வாசலும் சாத்தியிருந்த காலத்தில், ஒரு தனியார் கழகம், ஏழை மாணவர் படிப்பதற்காக வாங்கிய கடன் அது. இப்போது அரசே தன் வாசலைச் சாத்திவிட்டுத் தன் நிறுவனத்தைக் கடன் வாங்கச் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக எழுதும் கணக்கை நான் ஏற்கவில்லை.

தமிழ்நாட்டில் துணைத்திட்ட நிதிக்கு 2024இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. அந்த நிதி வளாகங்களில் எந்தக் கட்டடத்துக்குப் போனது என்று கேட்க இனி நமக்குக் கூடுதல் பிடிமானம் உண்டு. நம் மாவட்டத்துக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றிடமும் கடந்த பத்து ஆண்டுகளின் கட்டடச் செலவில் பட்டியல் சாதிக் கூறு எவ்வளவு, அது எந்தக் கட்டடத்தில் செலவானது, விடுதிக்கு எவ்வளவு என்று மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவின் வரைவை மன்றத் தோழர்களிடம் கொடுத்திருக்கிறேன். கட்டணம் 10 ரூபாய்.