மணி ஐயர்: நாடாவில் இருப்பதும் இல்லாததும்

மதுரை மணி ஐயரை நான் நேரில் கேட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1968 ஜூன் 8ஆம் தேதி அவர் இறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. சோழவந்தானிலிருந்து மதுரை ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அப்படியும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஐம்பது வருஷங்களுக்கும் மேலாக நான் அதிகம் கேட்ட மனிதக் குரல் அவருடையதாகத்தான் இருக்கும். என் அப்பாவின் குரல் இப்போது எனக்கு ஞாபகம் வருவதில்லை. முகம் வருகிறது, குரல் வருவதில்லை. மணி ஐயரின் முகத்தைப் புகைப்படங்களில்தான் தெரியும். குரல் மட்டும் எந்நேரமும் காதில் இருக்கிறது. நேரில் அறியாத ஒருவரை இப்படி ஞாபகம் வைத்திருப்பதற்கு என்ன பெயர், அதில் எவ்வளவு உண்மை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் கேட்டுக்கொள்ள விரும்பும் கேள்வி.

பாடகர்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று அடைமொழி. தேன், அமுதம், கந்தர்வம். யார் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் அந்த வாக்கியங்கள் நிற்கும். இன்னொன்று துணுக்கு. கச்சேரிக்குப் போகும் வழியில் என்ன சொன்னார், வெற்றிலைப் பெட்டி எங்கே இருந்தது என்ற ரகம். 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனங்களில் குறைந்தபட்சம் அன்றைய மேடையில் என்ன நடந்தது என்பதாவது இருந்தது. பிறகு அதுவும் அருகிவிட்டது. பாட்டைக் கேட்டவன் கேட்டதைச் சொல்வதில்லை, தன் பரவசத்தைச் சொல்கிறான். ஆகவே ஒலிப்பதிவு நம் கைக்கு வந்தபோது அதையே சரித்திரம் என்று எடுத்துக்கொள்வது எளிதாகிவிட்டது. எழுத்து செய்யாததை நாடா செய்துவிட்டதாக நாம் நம்பினோம். நானும் நம்பினேன்.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஊரில் பலரையும் போல வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், உறவு ஒன்றுமில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், கொடிக்கால் நல்ல விலை கொடுத்த ஒரு வருஷம், அவர் க்ருண்டிக் டேப் ரிக்கார்டர் ஒன்று வாங்கினார். அதை ஒரு போர்வையில் சுற்றி, ரயிலில் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போய், கல்யாணக் கச்சேரிகளில் கெஞ்சி அனுமதி வாங்கி, மேடைக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்வார். அவரிடம் பதினொரு ரீல்கள் இருந்தன. ஆறு மணி ஐயர். மழைக்காலத்தில், வைகையில் தண்ணீர் போகும்போது, சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்போம்.

ஒரு தடவை, கல்யாணி ஆலாபனை ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மாமா சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா தம்பி, இது அவரு இல்ல. இது மிச்சம்." அவர் முப்பதுகளில் மதுரையில் மணி ஐயரைக் கேட்டவர். அந்தக் குரல் வேறு என்றார். எப்படி வேறு என்று கேட்டால் பதில் வராது. கையை மேலே தூக்கி ஒரு தடவை விரிப்பார். அவ்வளவுதான். வயசானவர்களின் வழக்கமான புலம்பல் என்று நினைத்தேன். எல்லாருக்கும் தங்கள் வாலிபத்தில் கேட்டதுதான் சங்கீதம்.

இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. கணக்கைப் பார்க்கலாம். மணி ஐயர் மதுரையில் 1912இல் பிறந்தவர். பெரும் பெயரோடிருந்த புஷ்பவனம் ஐயரின் சகோதரர் மகன். ராஜம் பாகவதரிடம் பயிற்சி. பிறகு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் நடத்திய தியாகராஜ சங்கீத வித்யாலயம். பன்னிரண்டு வயதில், 1924இல், மேடை. சங்கீத அகாதெமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது 1959இல். நம்மிடம் புழங்கும் அவருடைய கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் ஐம்பதுகளின் பின்பாதியையும் அறுபதுகளையும் சேர்ந்தவை. ஆக, நாற்பத்து நான்கு வருஷ மேடை வாழ்க்கையில் முதல் முப்பது வருஷங்கள் ஏறக்குறைய நிசப்தம். ஒலிபெருக்கி மேடைக்கு வருவதற்கு முன் பாடிய பையன், ஒலிபெருக்கியோடு சமாதானம் செய்துகொண்ட இளைஞன், இந்த இரண்டு பேரும் நமக்கு இல்லை. சென்னை வானொலி 1938 ஜூனிலும், எங்கள் ஊர்க் காதுகளுக்குப் பக்கமான திருச்சி நிலையம் 1939 மேயிலும் தொடங்கின. அன்றைய ஒலிபரப்பு பாடியவுடன் காற்றோடு போனது. நாம் 'மணி ஐயர் பாணி' என்று சொல்லும்போது ஒரு மனிதரின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷங்களைச் சொல்கிறோம். ஒரு கவிஞனின் கடைசித் தொகுதியை மட்டும் வைத்துக்கொண்டு அவனுடைய கவிதை என்று பேசினால் நம்மில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். சங்கீதத்தில் தயக்கமில்லாமல் செய்கிறோம்.

எங்கள் ஊருக்கே இன்னொரு கதை உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்கரை. டி.ஆர். மகாலிங்கத்தின் ஊர். 1924இல் பிறந்து 1978இல் மறைந்தவர். செங்கோட்டை கிட்டப்பா 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதில் இறந்தபோது மகாலிங்கம் சிறுவன். அந்தச் சிறுவன் கிட்டப்பாவைப் போலப் பாடுகிறான் என்பதுதான் அவருக்கு நாடகத்திலும் சினிமாவிலும் கிடைத்த முதல் அடையாளம். 1945இல் வந்த 'ஸ்ரீவள்ளி' அந்த அடையாளத்தைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோனது. கிட்டப்பா நமக்கு இருப்பது இசைத்தட்டில். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் சில வினாடிகளும். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம், நடுவே ஒரு பாய்ச்சல், எல்லாம் முடிந்தாக வேண்டும். கிட்டப்பாவின் அந்த அவசரத்தில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு தட்டுடையது? கேட்டுப் பழகியவர்களுக்கு அது கிட்டப்பாவுடைய வேகமாகவே பதிந்துவிட்டது. தட்டு பாடகரைக் காப்பாற்றுகிறது. கூடவே, தன் அளவுக்கு வெட்டியும் கொடுக்கிறது.

நாடா அப்படி வெட்டவில்லை என்று நினைத்தேன். மணி ஐயரின் கச்சேரிகள் மணிக்கணக்கில் இருக்கின்றன அல்லவா? ஆனால் நாடாவுக்கும் அதன் கஞ்சத்தனம் உண்டு. ஏழு அங்குல ரீலில் 1200 அடி நாடா. வினாடிக்கு மூன்றே முக்கால் அங்குலம் ஓடினால் ஒரு பக்கம் 64 நிமிஷம். ஏழரை அங்குலத்தில் ஓடினால் ஒலி நன்றாக இருக்கும், ஆனால் 32 நிமிஷம்தான். நாலு மணி நேரக் கச்சேரிக்கு மெதுவான வேகத்திலேயே இரண்டு ரீல், இரண்டு பக்கமும். ரீலின் விலையோ கொடிக்கால்காரருக்கு லேசானதில்லை. ஆகவே மாமா என்ன செய்தார்? தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் யந்திரத்தை நிறுத்திவிடுவார். முத்தாய்ப்பு வரும்போது மறுபடி போடுவார். இதை அவர் மட்டும் செய்யவில்லை. அந்தக் காலத்து வீட்டுப் பதிவுகள் பலவற்றில் இந்த வெட்டு இருக்கிறது. ஒரு மத்தியதரக் குடும்பத்தின் சிக்கனம் அன்றைய மிருதங்க சரித்திரத்தில் ஒரு ஓட்டை போட்டிருக்கிறது. வேலூர் ராமபத்ரன் மணி ஐயருக்கு எத்தனையோ கச்சேரிகளில் வாசித்தவர். பாட்டோடு அவர் நடந்துபோனதை நாம் கேட்கலாம். அவர் தனியாக நின்றதை அந்த அளவு கேட்க முடியாது.

அடுத்தது சுருதி. யந்திரம் யந்திரத்துக்கு வேகம் ஒன்றாக இருப்பதில்லை. நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். குரல் மெலிந்து, கொஞ்சம் இளமையாகவும் ஆகிவிடும். ரீலிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து குறுந்தகடு, அங்கிருந்து இன்று எல்லார் சட்டைப் பையிலும் இருக்கும் தொலைபேசி. ஒவ்வொரு படியிலும் ஒரு யந்திரம் தன் வேகத்தைச் சேர்த்திருக்கிறது. ஒரே கச்சேரி இரண்டு சுருதியில் என்னிடமே இருக்கிறது. எது மணி ஐயர்? எனக்குப் பிடித்தது வேகமான பிரதி என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பல வருஷம் அதைக் கேட்டுத்தான் அவர் குரலில் ஒரு துள்ளல் இருக்கிறது என்று நண்பர்களிடம் வாதாடினேன்.

இவ்வளவுக்குப் பிறகும் எதைப் பற்றி நிச்சயமாகப் பேசலாம்? அவருடைய ஸ்வரத்தைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். மோகனத்தில் பாபநாசம் சிவனின் 'காபாலி'க்கு அவர் பாடுவதை எடுத்துக்கொள்வோம். கணக்குப் போட்டு, முடிவை முன்பே தீர்மானித்து, அதை நோக்கி ஸ்வரங்களை ஓட்டிக்கொண்டு போகிற முறை அவருடையதில்லை. தாளத்தின் இயல்பான நடையில், சர்வலகுவில், ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அடுத்த ஸ்வரம் முந்தைய ஸ்வரத்திலிருந்து பிறக்கிறது. எடுப்பில் வந்து சேரும்போது, சேரவேண்டும் என்று முயன்றதாகத் தெரிவதில்லை. இது சுலபம், கணக்கு வராதவருக்கான வழி என்று சொன்னவர்கள் உண்டு. சொல்பவர்கள் ஐந்து ஆவர்த்தனம் பாடிப் பார்க்கலாம். கணக்கு ஒரு சாரம். அதைப் பிடித்துக்கொண்டு ஏறலாம். சர்வலகுவில் பிடிமானம் கிடையாது. ராகம் உள்ளே இருந்தால்தான் அடுத்த அடி விழும். ரீலின் வேகம் மாறினாலும், சுருதி ஏறினாலும், ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இந்த உறவு மாறுவதில்லை. நாடா உண்மையாகக் காப்பாற்றியிருப்பது குரலையல்ல, இந்த யோசனையை.

அதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. கடைசி வருஷங்களில் அவர் பின்னால் உட்கார்ந்து பாடிய மருமகன் டி.வி. சங்கரநாராயணன். 2022இல் மறைந்தார். அவர் குரல் மாமாவின் குரல் அல்ல. கனமும் வேறு, வீச்சும் வேறு. ஆனால் ஸ்வரம் நடக்கும் விதம் அதுதான். தட்டிலிருந்து கற்றுக்கொள்பவனுக்குக் குரலின் சாயல் முதலில் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவனுக்கு முறை வருகிறது. இரண்டும் மரபுதான். ஒன்றை இன்னொன்று என்று குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி, நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயம். எண்பதுகளின் தொடக்கத்தில் மாமா படுக்கையில் விழுந்தார். நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். பார்க்கப் போனபோது, "ரீலெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிரு தம்பி, இவங்களுக்கு இது வேணாம்" என்றார். என்னிடம் ரீல் போடும் யந்திரம் இல்லை. பஸ்ஸில் அவ்வளவையும் தூக்கிக்கொண்டு போகச் சோம்பலாகவும் இருந்தது. அடுத்த தடவை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஒன்றை மட்டும், நாகரிகத்துக்காக, பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த தடவை போனபோது அவர் இல்லை. யந்திரம் பழைய இரும்புக்குப் போயிருந்தது. ரீல்கள் எங்கே என்று கேட்டேன். வீட்டுப் பையன் வயல் பக்கம் கை காட்டினான். கதிர் முற்றுகிற சமயம். குச்சிக்குக் குச்சி பழுப்பு நாடா இழுத்துக் கட்டியிருந்தது, குருவி விரட்ட. வெயிலில் மின்னிக்கொண்டு, காற்றடித்தால் விர்ரென்று ஒரு சத்தம். வரப்பில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை; வர உரிமையும் இல்லை. அவனுக்கு அது நாடா. எது என்று தெரிந்தவன் நான்தான். விட்டுவிட்டுப் போனவனும் நான்தான்.

மிச்சமிருந்த அந்த ஒரு ரீலைப் பல வருஷங்கள் கழித்து ஒரு நண்பர் பிரதி எடுத்துக் கொடுத்தார். சுற்றியபடியே நாளாகக் கிடந்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். அதனால் மௌனமான இடங்களில், மணி ஐயர் பாடத் தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால், அதே எடுப்பு மெல்லிய நிழலாகக் கேட்கிறது. கேட்கக் கேட்கப் பழகிவிட்டது. ஒரு குழந்தை அழுகிறது. யாரோ பாத்திரத்தைக் கீழே போடுகிறார்கள். கல்யாணி பாதியிலிருந்துதான் தொடங்குகிறது. பக்கம் முடியும் இடத்தில், ஸ்வரம் நடுவில், மைக்குக்கு மிகப் பக்கத்தில் ஒரு குரல்: "ரீலு முடியப் போகுது."

மாமாவின் குரல். பாட்டுக்குக் குறுக்கே விழுந்த அந்த மூன்று வார்த்தைகளை அழித்துத் தரட்டுமா என்று நண்பர் கேட்டார். இப்போது அது சுலபமாம். வேண்டாம் என்றேன்.