ஏராவின் நேர்கோடு: கப்பல் மாதிரியின் பிடிசட்டமும் கப்பல்துறையின் தாங்குகட்டைகளும்

முன்னுரை

மரக்கப்பலின் உடல் அதன் அடிமரத்திலிருந்து எழுகிறது. தமிழகக் கடற்கரையின் படகு கட்டுமிடங்களில் அம்மரம் ஏரா என்றும், அதன் இருபுறமும் விலா எலும்புகள்போல் வளைந்தெழும் சட்டங்கள் மணிக்கால் என்றும் வழங்குகின்றன. பிறநாட்டுக் கப்பல்களைப் பற்றிப் பேசும் இக்கட்டுரையும் அச்சொற்களையே ஆள்கிறது. கப்பலின் சிற்றுருவை மரத்தில் கட்டுவோர், ஏரா கோணிவிடாதிருக்க ஒரு பலகையின்மீது சட்டம் அமைத்து அதில் ஏராவைப் பிடித்து நிறுத்துகின்றனர். தொழிற்கூடங்களில் ஜிக் எனப்படும் இவ்வமைப்பு இங்குப் பிடிசட்டம் எனப்படுகிறது.

கப்பல்துறையில் ஏராவைத் தாங்கும் கட்டைவரிசையின் சிற்றுருவே பிடிசட்டம் என்று கருதுவது இயல்பு. அக்கருத்து பாதியளவே பொருந்தும். இரண்டும் காப்பது ஒரே நேர்கோட்டைத்தான்; ஆனால் அக்கோட்டைக் கெடுக்க வரும் விசைகள் ஈரிடத்தும் வேறானவை. மாதிரிகளைக் கப்பல் வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் இதனைக் கருதாவிடின், மாதிரியின் குறையைக் கப்பலின்மீது ஏற்றவும், கப்பலின் குறையை மாதிரியில் தேடி ஏமாறவும் நேரும்.

கப்பல்துறையில் ஏரா

பிரித்தானியக் கடற்படையின் விக்டரி என்னும் கப்பலுக்கு 1759 சூலை 23 அன்று சாத்தம் துறையில் ஏரா இடப்பட்டது. கப்பல் நீரில் மிதந்தது 1765 மே 7 அன்று. இடைப்பட்ட ஏறத்தாழ ஆறாண்டுகளும் அதன் முழுச்சுமையும் ஏராவின் கீழிருந்த கட்டைகளின்மீதே இருந்தது. இத்தகைய பெருங்கப்பலின் ஏரா ஒற்றை மரமன்று. எல்ம் மரத்துண்டுகள் பல, சாய்வாகச் செதுக்கப்பட்டு ஒன்றின்மேல் ஒன்று படியுமாறு பொருத்தப்பட்டு உருவானது. எனவே அதன் நேர்மை மரத்தின் இயல்பாக வருவதன்று. கட்டைகளின் மேல்முகங்களை ஒரே கோட்டில் செதுக்கி அமைப்பதால் வருவது. நீரை நோக்கிச் சரிந்த மேடையில் கட்டும்போது அக்கோடும் சரிந்தே இருக்கும். ஏரா நேராக இருத்தல் வேறு, மட்டமாக இருத்தல் வேறு என்பதைக் கப்பல் தச்சர் அறிந்திருந்தனர்.

நேராகக் கட்டிய ஏரா நீரில் இறங்கியதும் வளையத் தொடங்கும். கப்பலின் நடுப்பகுதி அகன்றது. அங்கு நீரின் மேலுந்தல் மிகுதி. முன்முனையும் பின்முனையும் குறுகியவை. அங்கு மேலுந்தல் குறைவு, எடையோ அதற்கு ஏற்பக் குறைவதில்லை. ஆகவே முனைகள் தாழ்ந்து நடு எழும். ஆங்கிலேயர் இக்குறையைப் பன்றியின் முதுகுக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். இதற்குத் தீர்வாக ராபர்ட் செப்பிங்ஸ் கப்பலின் உட்புறத்தில் மூலைவிட்டமாகச் செல்லும் தாங்கிகளை அமைத்தார். ட்ரெமெண்டஸ் என்னும் 74 பீரங்கிக் கப்பலில் அதனைச் செய்துகாட்டி, 1814இல் இராயல் சொசைட்டியின் ஆய்விதழில் கட்டுரையாகவும் வெளியிட்டார். இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இக்குறை முழுவதும் மேல்கீழ்த் தளத்தில் நிகழ்வது. அதன் காரணம் எடை.

அளவு மாறும்போது

கலிலியோ 1638இல் லெய்டனில் வெளியிட்ட இரு புதிய அறிவியல்கள் பற்றிய நூல் வெனிஸ் நகரக் கப்பல்துறையில் தொடங்குகிறது. பெருங்கப்பலை நீரில் இறக்கும்போது சிறுகப்பலுக்கு வேண்டாத அளவுக்கு வலிய முட்டுக்கால்களும் சாரங்களும் ஏன் தேவைப்படுகின்றன என்பதே அங்கு எழும் முதற்கேள்விகளுள் ஒன்று. பெருங்கப்பல் தன் எடையாலேயே பிளந்துவிடக்கூடும். சிறுபடகுக்கு அவ்விடர் இல்லை. பொருள்களின் வலிமை குறித்த நவீன அறிவியலின் தொடக்கம் எனப் போற்றப்படும் நூலின் வாயிலில் கப்பலின் முட்டுக்கால் நிற்பது, மாதிரிக்கலை பற்றிய எழுத்துகளில் போதிய கவனம் பெறவில்லை.

1:48 என்பது ஆங்கிலக் கடற்படை மாதிரிகளில் பெருவழக்கான அளவு. கால் அங்குலம் ஓர் அடியைக் குறிக்கும். விக்டரியின் கீழ்ப்பீரங்கித் தளம் 186 அடி; இவ்வளவில் அது 46.5 அங்குலம். அதே மரத்தால் அதே விகிதத்தில் கட்டினால் மாதிரியின் எடை கப்பலின் எடையில் 110592இல் ஒரு பங்கு. அதைத் தாங்கும் மரத்தின் வெட்டுமுகப் பரப்போ 2304இல் ஒரு பங்காக மட்டுமே குறைகிறது. ஆகவே தன் எடையால் மாதிரியின் ஏராவில் எழும் தகைவு கப்பலில் எழுவதில் 48இல் ஒரு பங்கே. மாதிரியின் ஏரா தன் சுமையால் வளையாது. அதனைத் தாங்க வேண்டிய தேவையே இல்லை எனலாம்.

அவ்வாறாயின் பிடிசட்டம் எதற்கு? ஈரத்தால் மரம் பெருப்பதும் உலர்ந்து சுருங்குவதும் விகித அளவில் நிகழ்பவை. மரத்துண்டு சிறிதானதால் சுருக்கத்தின் விகிதம் குறைவதில்லை. பழைய விலங்குப்பசையும் இன்றைய வெள்ளைப் பசையும் நீர் கலந்தவை. பூசிய பக்கத்தில் மரம் பெருத்துப் பின் சுருங்கும். ஒரு பக்கத்துப் பலகைகளை முழுதும் ஒட்டிவிட்டு மறுபக்கத்துக்குச் சென்றால் முடிந்த பக்கம் ஏராவை வில்லின் நாண்போல் இழுக்கும். இதனால்தான் மாதிரி கட்டுவோர் இடம் ஒன்று, வலம் ஒன்று என மாற்றி மாற்றிப் பலகை ஒட்டுகின்றனர். கப்பலை அச்சுறுத்துவது மேல்கீழ் வளைவு. மாதிரியை அச்சுறுத்துவது பக்கவாட்டுக் கோணலும் முறுக்கமும். 1:48 மாதிரியில் அரை மில்லிமீட்டர் விலகல் கப்பலில் 24 மில்லிமீட்டருக்குச் சமம்.

பிடிசட்டத்தின் அமைப்பு இதற்குச் சான்றாகிறது. சமதளமான அடிப்பலகையில் ஒரு நடுக்கோடு. அதன் இருபுறமும் ஏராவின் தடிப்பளவு இடைவெளி விட்டுப் பொருத்திய செங்கோணத் துண்டுகள். முன்மரமும் பின்மரமும் செங்குத்தாக நிற்க இரு நிமிர்சட்டங்கள். கீழிருந்து தாங்குவதற்குப் பலகை ஒன்றே போதும். மற்றவை யாவும் பக்கத்திலிருந்து நெருக்கிப் பிடிப்பவை. கப்பல்துறையின் கட்டைவரிசை தாங்கும் கருவி; இது பற்றும் கருவி. பசை உலரும்வரை பற்றியிருந்தால்தான் பயனுண்டு. உலர்வதற்குள் எடுத்துவிட்டால் மரம் தன் போக்கில் கோணிவிடும்.

தலைகீழான ஏரா

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க மாதிரிக் கலைஞர் ஹெரால்ட் ஹான் பரவச்செய்த முறை இவ்வேறுபாட்டை வெளிப்படையாக்குகிறது. குடியேற்றக் காலத்து அமெரிக்க ஸ்கூனர் கப்பல்களை ஆய்ந்து எழுதிய அவர், மாதிரியைத் தலைகீழாகக் கட்டினார். ஒவ்வொரு மணிக்காலின் மேல்முனையும் தேவைக்குமேல் நீட்டி விடப்படும்; அந்நீட்சிகள் யாவும் ஒரே தளத்தில் முடியும். அவற்றை வெட்டுவாய்கள் கொண்ட பலகையில் கவிழ்த்துப் பொருத்தியபின் ஏரா மேலிருந்து வந்து அமரும். உடல் உறுதிப்பட்டதும் நீட்சிகளை அறுத்து மாதிரியைப் பிரித்தெடுப்பர். கப்பல்துறையில் நிலம் ஏராவைத் தாங்க, ஏரா மணிக்கால்களைத் தாங்குகிறது. ஹானின் பலகையிலோ மணிக்கால்களே ஏராவுக்கு இடம் காட்டுகின்றன. சிறுபடகுகளையும் கவிழ்த்துக் கட்டுவதுண்டு. மூவடுக்குப் போர்க்கப்பலை அவ்வாறு கட்ட இயலாது. கலிலியோ சுட்டிய எல்லை இதுவே.

சான்றாக மாதிரி

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கடற்படை வாரிய மாதிரிகள் பலவற்றில் கீழுடலுக்குப் பலகை இடப்படவில்லை, மணிக்கால்கள் வெளித்தெரியும். அவ்வொழுங்கான இடைவெளிகள் கலைமரபாக அமைந்தவை, கப்பலின் உண்மையான சட்டமைப்பைக் காட்டுபவை அல்ல என்பதை ஆய்வாளர் ஏற்றுக்கொண்டுள்ளனர். அதே எச்சரிக்கை ஏராவுக்கும் வேண்டும். மாதிரியின் ஏரா நேராக இருப்பதால் கப்பலின் ஏரா நேராக இருந்தது எனக் கொள்ள முடியாது. மாதிரி பக்கவாட்டில் கோணியிருப்பின் அது மரத்தின் உலர்வுக்கும் பசையின் இழுப்புக்கும் சான்றே தவிர, கப்பலின் வரலாற்றுக்குச் சான்றன்று.

ஆயினும் மாதிரி பயன்படாது என்று இதற்குப் பொருளில்லை. 1797இல் பாஸ்டனில் நீரில் இறங்கிய கான்ஸ்டிட்யூஷன் கப்பலுக்கு ஜோஷுவா ஹம்ப்ரீஸ் வகுத்த மூலைவிட்டத் தாங்கிகள் பிற்காலத்தில் நீக்கப்பட்டன. 1992இல் உலர்துறைக்கு வந்தபோது அதன் ஏரா ஏறத்தாழ 13 அங்குலம் வளைந்திருந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர் 1:16 மாதிரியைக் கொண்டு, தாங்கிகளை மீண்டும் பொருத்தினால் உடலின் விறைப்பு 10 விழுக்காடு கூடும் எனக் கண்டனர். தாங்கிகள் மீண்டும் அமைக்கப்பட்டன. மாதிரி இங்கு வளைவின் அளவைச் சொல்லவில்லை. தாங்கிகள் உள்ள உடலுக்கும் இல்லாத உடலுக்கும் இடையிலான விகிதத்தைச் சொன்னது. விகிதம் அளவு மாற்றத்தைக் கடந்து செல்லும். எடையின் விளைவு அவ்வாறு கடப்பதில்லை.

விக்டரி 1922 முதல் போர்ட்ஸ்மத் உலர்துறையில் நிற்கிறது. நீரின் தாங்கல் இல்லாத நிலையில், 22 எஃகுத் தொட்டில்கள் அதன் உடலைச் சில இடங்களில் மட்டுமே தாங்கி வந்தன. அவ்விடங்களில் சுமை குவிந்து உடல் சிதையத் தொடங்கியது. அண்மைச் சீரமைப்பில் அவற்றுக்கு மாற்றாக, நீர் தாங்குவதுபோல் சுமையைப் பரப்பும் 134 எஃகு முட்டுக்கால்கள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் தன்மீதுள்ள சுமையைக் காட்டும். தேவைக்கேற்ப ஏற்றவும் இறக்கவும் இயலும். அதே கப்பலின் 1:48 மாதிரி, பிடிசட்டத்திலிருந்து எடுத்தபின், கண்ணாடிப் பேழைக்குள் இரண்டு பித்தளைத் தூண்களின்மீது நிற்கும்.