சானடோரியத்தின் உணவும் வீட்டின் உணவும்: தென்னிந்தியக் காசநோய் மருத்துவ வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

மருத்துவத்தின் தரத்தைக் கட்டடங்களைக் கொண்டும் படுக்கைகளின் எண்ணிக்கையைக் கொண்டும் அளக்கும் வழக்கம் பழையது, இன்றும் நீடிப்பது. அவ்வழக்கத்தை அசைத்த முதன்மையான ஆய்வுகளுள் ஒன்று சென்னையில் நிகழ்ந்தது. அதன் முன்வரலாற்றை அறிய அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்குச் செல்ல வேண்டும்.

சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த காலத்தில், 1915இல், பல கிறித்தவ மறைப்பணிச் சங்கங்கள் ஒன்றிணைந்து மதனப்பள்ளிக்கு அருகே காசநோய்ச் சானடோரியம் ஒன்றைத் திறந்தன. அவ்விடம் ஆரோக்கியவரம் எனப் பெயர் பெற்றது. டென்மார்க் மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மோலர் அதன் முதல் கண்காணிப்பாளர். காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அன்று இல்லை. நீண்ட ஓய்வு, தூய காற்று, சத்தான உணவு ஆகியவையே சிகிச்சையின் அடித்தளம்.

அச்சிகிச்சை கிடைத்தவர்கள் மிகச் சிலரே. சர் ஜோசப் போர் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு 1946இல் அளித்த அறிக்கை, இந்தியாவில் சுமார் 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், அவர்களுக்கென உள்ள படுக்கைகள் ஏறத்தாழ 6,000 மட்டுமே என்றும் மதிப்பிட்டது. ஒரு படுக்கைக்கு நானூறு நோயாளிகளுக்கு மேல். சானடோரியத்துக்குள் எவ்வளவு சிறந்த மருத்துவம் நடந்தாலும், வாயிலுக்கு வெளியே நிற்பவருக்கு அதனால் பயனில்லை. தரம் பற்றிய வினா இவ்விடத்தில் அறம் பற்றிய வினாவாகவும் மாறுகிறது.

இவ்வினாவை மதனப்பள்ளி மருத்துவர்களே உணர்ந்திருந்தனர். யொஹான்னஸ் ஃப்ரிமோட்-மோலர் தலைமையில் 1950 முதல் 1955 வரை சுற்றுப்புறச் சிற்றூர்களின் மக்கள் அனைவரையும் கருத்தில் கொண்ட காசநோய் ஆய்வு நடைபெற்றது. நோயாளி தேடி வரக் காத்திருந்த நிறுவனம், நோயைத் தேடி ஊருக்குள் சென்றது.

அடுத்த அடி சென்னையில் வைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய முதல் ஆய்வில், நகரின் ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மற்றப் பிரிவினர் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைப் பெற்றனர்.

நெருக்கடியான வீட்டுக்கு, குழந்தைகளின் நடுவே, தொற்றுள்ள ஒருவரைத் திருப்பி அனுப்புவது முறையா என்பதே இவ்வாய்வின் அறச் சிக்கல். ஆகவே நோயாளிகளோடு அவர்தம் குடும்பத்தாரும் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கப்பட்டனர். முடிவுகள் 1959இல் வெளிவந்தன. வீட்டில் இருந்தோரின் உணவு குறைவு, ஓய்வு குறைவு. இருந்தும் மருந்தின் பலன் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதும் தெளிவாயிற்று. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல முதன்மை இழந்தன.

எனினும் சென்னை ஆய்வு உறுதிப்படுத்தியது வரையறைக்கு உட்பட்ட ஒன்று: தக்க மருந்தை ஒழுங்காக உட்கொள்ளும் நோயாளி குணமடையச் சானடோரியத்து உணவு கட்டாயமன்று. காசநோய்க்கும் உணவுக்கும் தொடர்பில்லை என்று அது கூறவில்லை. ஆனால் பின்வந்த பல ஆண்டுகளில் மருந்தே திட்டங்களின் மையமாயிற்று. உணவு ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

அந்த இடைவெளியை 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு சுட்டிக்காட்டியது. பழைய சென்னை மையத்தின் வழித்தோன்றலான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும் வழங்கப்பட்டன. 10,000க்கும் மேற்பட்ட குடும்பத்தார் பின்தொடரப்பட்டனர். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

ஆரோக்கியவரத்தின் முன்னோடிகள் உணவுக்கு அளித்த முதன்மை வீண்போகவில்லை. அவ்வுணவு சென்று சேர வேண்டிய இடங்களுள் ஒன்று சானடோரியத்துக்கு வெளியே இருந்தது: நோயாளியின் வீட்டில், இன்னும் நோயுறாதவரின் தட்டில். செலவைக் குறைத்துப் பலரைச் சென்றடைவது திறன். அவ்வாறு குறைக்கும்போது சுமை எவர் தோளுக்கு மாறுகிறது என்பதையும் கணக்கில் எழுதுவது அறம். சென்னை ஆய்வு குடும்பத்தாரையும் எண்ணியது; அதன் முடிவைப் பின்பற்றிய திட்டங்கள் அவர்களின் பசியை எண்ண நெடுங்காலம் ஆயிற்று.