எந்த மனிதரும்: அமெரிக்காவின் 14ஆம் திருத்தத்துக்கு ஓர் உரை

அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் 1868 ஜூலை 9 அன்று மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்று நிறைவேறியது. அதன் ஐந்து பிரிவுகளில் முதலாவது இரண்டே வாக்கியங்கள் கொண்டது. பள்ளி, சிறை, திருமணம், கருக்கலைப்பு, போலீஸ் சோதனை என்று எதைப் பற்றி வழக்கு எழுந்தாலும் பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களில்தான் வந்து நிற்கிறது.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதே ஆண்டு 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. தோற்ற தென் மாநிலங்கள் உடனே புதுச் சட்டங்கள் போட்டன. வேலையில்லாமல் திரிந்தால் கைது, ஒப்பந்தத்தை முறித்தால் தண்டனை என்று விடுதலையான கறுப்பின மக்களைப் பழைய பண்ணைகளிலேயே கட்டிப்போட அவை முயன்றன. அதற்கு விடையாக எழுந்ததே இந்தத் திருத்தம். முதல் பிரிவின் பெரும்பகுதியை வடித்தவர் ஒஹாயோவைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் பிங்ஹம். குடியுரிமை வாக்கியம் மட்டும் பின்னர் செனட்டில் சேர்ந்தது.

"அமெரிக்காவில் பிறந்து, அல்லது குடியுரிமை வழங்கப்பெற்று, அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட அனைவரும் அமெரிக்காவுக்கும் தாம் வாழும் மாநிலத்துக்கும் குடிமக்கள்."

இந்த வாக்கியத்துக்கு எதிரில் நிற்பது 1857ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு. ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை, அடிமைமுறைக்குத் தடையிருந்த பகுதிகளில் தான் வாழ்ந்ததைக் காட்டி விடுதலை கேட்டார். தலைமை நீதிபதி ரோஜர் டானி, ஆப்பிரிக்க வழிவந்தவர் அடிமையோ சுதந்திரரோ, அமெரிக்கக் குடிமகனாக முடியாது என்றார். குடிமகன் இல்லையென்றால் அந்த நீதிமன்றத்தின் படியேறவும் முடியாது. அந்தத் தீர்ப்பைத் துடைத்தெறியவே "அனைவரும்" என்று தொடங்கினார்கள். நிறம், குலம், பெற்றோரின் ஊர் எதையும் கேட்காமல், பிறந்த மண்ணை மட்டும் கேட்கிறது வாக்கியம்.

"சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட" என்ற அடைமொழிதான் சண்டைக்களம். வெளிநாட்டுத் தூதரின் பிள்ளை இதில் அடங்காது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. பூர்வகுடிகளையும் விலக்கலாம் என்று 1884இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மண்ணின் முதல் மக்களுக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 1924ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இந்த விலக்கலை என்னால் நியாயம் என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வோங் கிம் ஆர்க் சமையல்காரர். சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். சீனாவுக்குப் போய்விட்டு 1895இல் திரும்பியபோது, நீ குடிமகன் அல்ல என்று சொல்லித் துறைமுகத்திலேயே மாதக்கணக்கில் கப்பல்களில் தடுத்து வைத்தார்கள். சீனத் தொழிலாளர் நுழைவதையே சட்டம் தடுத்திருந்த காலம் அது. 1898இல் நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. பெற்றோர் குடிமக்களாக முடியாவிட்டாலும், அங்கே குடியிருப்பவர்களின் பிள்ளை பிறப்பால் குடிமகன் என்பது அன்று உறுதியானது.

2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை இதே அடைமொழியைப் பிடித்துக்கொண்டது. அனுமதியின்றி இருப்பவர்களின் பிள்ளைகளோடு அது நிற்கவில்லை. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இல்லையென்றால் அந்தக் குழந்தைக்கும் குடியுரிமை இல்லை என்றது. எச்1பி விசாவில் வாழும் ஏராளமான தமிழ்க் குடும்பங்களைத் தொடும் வரி இது. கீழ் நீதிமன்றங்கள் பல ஆணையைத் தடுத்தன. தடுத்தவை எடுத்துக்காட்டியது சமையல்காரர் வழக்கைத்தான்.

"அமெரிக்கக் குடிமக்களின் சிறப்புரிமைகளையும் விலக்குரிமைகளையும் குறைக்கும் சட்டத்தை எந்த மாநிலமும் இயற்றவோ செயல்படுத்தவோ கூடாது."

பிங்ஹம் அதிகம் நம்பியிருந்தது இந்தப் பகுதியைத்தான். நியூ ஆர்லியன்ஸ் இறைச்சிக் கடைக்காரர்கள், மாடு அறுக்கும் உரிமையை ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்த சட்டத்தை எதிர்த்தார்கள். 1873இல் ஐந்து நீதிபதிகள் இந்தத் தொடரை மிகச் சுருக்கிப் பொருள் கொண்டார்கள், நால்வர் மறுத்தார்கள். அதன்பின் இது பெரும்பாலும் வழக்கொழிந்து கிடக்கிறது. வழக்குப் போட்டவர்கள் கடைக்காரர்கள். பெரிய இழப்பு கறுப்பின மக்களுக்கு.

"முறையான சட்ட நடைமுறையின்றி எந்த மனிதரின் உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் எந்த மாநிலமும் பறிக்கக் கூடாது."

இதுவரை "குடிமக்கள்" என்று வந்தது இங்கே "எந்த மனிதரும்" என்று மாறுகிறது. தற்செயல் என்று கொள்ள இடமில்லை. அதே வாக்கியத்தில், ஓர் அரைப்புள்ளிக்கு முன்புதான் "குடிமக்கள்" இருக்கிறது. உரிமையின் எல்லை குடியுரிமையைத் தாண்டி விரிவதை எழுதியவர்கள் அறிந்தே எழுதினார்கள். இந்தத் திருத்தத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

பேச்சுரிமை, மதச் சுதந்திரம், வழக்கறிஞர் உதவி முதலியவற்றைச் சொல்லும் முதல் பத்துத் திருத்தங்கள் மத்திய அரசை மட்டுமே கட்டும் என்று 1833இல் தீர்ப்பு இருந்தது. அப்போது மாநில போலீஸ் கதவை உடைத்தால் அந்தத் திருத்தங்கள் துணைக்கு வரா. இருபதாம் நூற்றாண்டில் நீதிமன்றம் "சுதந்திரம்" என்ற சொல்லின் வழியே அந்த உரிமைகளை ஒவ்வொன்றாக மாநிலங்களின் மீதும் ஏற்றியது. 1961இல் ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்து நுழைந்ததாகக் கைதான கிளாரன்ஸ் கிடியன், வக்கீல் வைக்க வசதியில்லை, நீதிமன்றமே ஒருவரைத் தரவேண்டும் என்றார். மரண தண்டனைக்குரிய வழக்குக்கு மட்டுமே தருவோம் என்று மறுத்து, ஐந்தாண்டுச் சிறை விதித்தார்கள். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அவர் அனுப்பிய மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1963இல் ஒருமனதான தீர்ப்பு: கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வக்கீல் தரவேண்டும். மறுவிசாரணையில், வக்கீல் துணையோடு, கிடியன் விடுதலையானார்.

இதே "சுதந்திரம்" எதிர்த்திசையிலும் போயிருக்கிறது. பேக்கரித் தொழிலாளி வாரம் 60 மணி நேரத்துக்கு மேல் உழைக்கக் கூடாது என்ற நியூயார்க் சட்டத்தை, ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று சொல்லி 1905இல் அடித்துவிட்டார்கள். அந்தப் போக்கு 1937இல்தான் மாறியது. 1973இல் கருக்கலைப்பு உரிமை இந்தச் சொல்லிலிருந்தே பிறந்தது. 2022இல் அதே நீதிமன்றம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

நம் இந்திய அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்த ஆபத்தைக் கவனித்தார்கள். அமெரிக்க நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்துத் திரும்பிய அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ், "முறையான சட்ட நடைமுறை" என்ற தொடர் வேண்டாம் என்றார். 21ஆம் பிரிவில் "சட்டம் நிறுவிய நடைமுறை" என்று அமைந்தது. அதன் விலையைக் கொடுத்தவர் சென்னை மாகாணத்தில் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன். சட்டம் இருந்தால் போதும், அது நியாயமானதா என்று பார்க்கமாட்டோம் என்றது 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நடைமுறை நியாயமாகவும் இருக்கவேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொல்ல, 1978இல் மேனகா காந்தி வழக்கு வரவேண்டியிருந்தது.

"தன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட எந்த மனிதருக்கும் சட்டங்களின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது."

முதலில் "மாநிலம்" என்பதைக் கவனிக்க வேண்டும். தனியார் விடுதியும் நாடகக் கொட்டகையும் கறுப்பினத்தவரை வெளியே நிறுத்தினால் அது மாநிலத்தின் செயல் அல்ல என்று 1883இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் 1964இன் சிவில் உரிமைகள் சட்டம் விடுதிகளைத் திறக்க, மாநிலங்களுக்கிடையேயான வணிக அதிகாரத்தைத் துணைக்கு அழைத்தது.

பிறகு "சமம்". ரயிலில் தனிப் பெட்டி ஒதுக்குவது சமத்துவத்தைக் கெடுக்காது என்று 1896இல் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஜான் ஹார்லன் ஒருவரே மறுத்தார். 1954இல் பள்ளிகளைப் பொறுத்து ஒன்பது பேரும் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். இடையில் கழிந்தவை 58 ஆண்டுகள். அந்தக் காலத்தில் பிறந்து, படித்து, முதுமை எய்திய தலைமுறைக்கு இந்தச் சொற்கள் காகிதத்திலேயே இருந்தன.

சட்டம் எழுத்தில் நேராக இருந்தாலும் கை கோணலாக இருக்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த அனுமதி வேண்டும் என்று ஒரு விதி இருந்தது; தீ அபாயம் காரணம் என்றார்கள். விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களுக்கும் மறுப்பு. சீனர் அல்லாத ஏறக்குறைய 80 பேரில் ஒருவர் தவிர எல்லோருக்கும் அனுமதி. யிக் வோ என்ற பெயரில் 22 ஆண்டுகளாகக் கடை நடத்தியவர் பத்து டாலர் அபராதம் கட்டாமல் சிறை போனார். 1886இல் ஒருமனதாக அவரை விடுவித்த நீதிமன்றம், குடிமகன் அல்லாதவரும் இந்த வாக்கியத்தின் "மனிதர்" என்று தெளிவாக எழுதியது.

அதன் தொடர்ச்சி 1982இல் டெக்ஸாஸிலிருந்து வந்தது. அனுமதியின்றி நாட்டுக்குள் வந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் செலவைத் தரமாட்டோம் என்றது மாநிலச் சட்டம். டைலர் நகரப் பள்ளி மாவட்டம் ஆண்டுக்கு ஆயிரம் டாலர் கட்டணம் கேட்டது. சட்டவிரோதமாக வந்தவர் எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவர் அல்லர் என்பது மாநிலத்தின் வாதம். நீதிபதி பிரென்னன் அதை ஏற்கவில்லை: மாநிலத்தின் எல்லைக்குள் இருந்து அதன் சட்டங்களுக்குக் கட்டுப்படுபவர் அவற்றின் பாதுகாப்புக்கும் உரியவர். பெற்றோரின் தவறுக்காகப் பிள்ளையைப் படிப்பறிவில்லாமல் வைப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்று 5-4 கணக்கில் சட்டம் வீழ்ந்தது. மறுத்த நால்வரும்கூட அந்தக் குழந்தைகள் இந்த வாக்கியத்துக்குள் வருபவர்கள் என்பதை மறுக்கவில்லை. மாநிலம் சொன்ன காரணம் போதுமா என்பதில்தான் பிரிந்தார்கள்.