பந்தியும் முகப்புரையும்

நவம்பர் 26 அன்று காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு மாணவி அரசமைப்பின் முகப்புரையை வாசிக்க, மற்றவர்கள் வலக்கையை நீட்டியபடி திருப்பிச் சொல்வார்கள். முகப்புரை முழுக்க ஒரே வாக்கியம். மூச்சு விடுவதற்காகத் துண்டு துண்டாக உடைத்தாக வேண்டும். முதல் துண்டில் வந்த ‘நாம்’ என்ற எழுவாய்க்குப் பயனிலை கடைசித் துண்டில்தான் வந்து சேரும். அதற்குள் பாதிப் பேருக்கு யார் என்ன செய்தார்கள் என்பதே மறந்திருக்கும். இந்தச் சடங்குக்கு வயதும் அதிகமில்லை. 1949இல் அந்நாளில்தான் அரசமைப்பு ஏற்கப்பட்டது என்றாலும், பள்ளிக்கூடத்துக் கொடியும் மிட்டாயும் ஜனவரி 26க்கே போயின. 1979 முதல் வழக்கறிஞர்கள் நவம்பர் 26ஐச் சட்ட நாளாகக் கொண்டாடினார்கள்; 2015இல்தான் மத்திய அரசு அரசமைப்பு நாள் என்று அறிவித்தது. ஒப்பிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரசமைப்பு ஒரு நீண்ட வாக்குவாதத்தில் விளைந்தது. வாதத்தை விட்டுவிட்டு வாசகத்தை மட்டும் கொடுத்தால் அது இன்னொரு மனப்பாடச் செய்யுள். அந்த வாதத்தைத் தேடித் திருநெல்வேலி மாவட்டத்து விக்கிரமசிங்கபுரத்துப் பிள்ளைகள் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. ஆற்றோடு கீழே அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டிச் சேரன்மாதேவிக்குப் போனால் போதும்.

விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிய குருகுலம் பிறகு சேரன்மாதேவிக்கு மாறியது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேரலாம். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் அதற்கு 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. ஆனால் பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனிச் சாப்பாடு. விஷயம் வெளியே வந்ததும் காங்கிரஸ் தலைவர்களான வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் (பெரியார்) கொதித்தெழுந்தார்கள். அச்சிறுவர்களின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்றார் ஐயர். அவரைச் சாதி வெறியர் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் தம்மளவில் எல்லோருடனும் உட்கார்ந்து உண்டவர். இந்தச் சம்பவம் பாடமாகத் தகுவதே அதனால்தான்: நல்லவர் ஒருவர், பெற்றோர் விருப்பத்தை மதிக்கிறேன் என்று, பந்தியைப் பிரித்தார். எதிர்த்தவர்களின் வாதம் இலையோடு நிற்கவில்லை, பணத்தையும் தொட்டது: பொதுப்பணம் வாங்கும் பள்ளியில் தனிப்பந்தி எப்படி? ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில், விக்கிரமசிங்கபுரத்துக்கு மேலே பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், மகளைக் காப்பாற்றப் போய் மூழ்கினார்.

கால் நூற்றாண்டு கழித்து அரசமைப்பின் 29(2) பிரிவு, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனம் மதம், இனம், சாதி, மொழி காரணமாக எந்தக் குடிமகனுக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றது. சேரன்மாதேவியிலிருந்துதான் அது போயிற்று என்று நான் சொல்லவில்லை; வாதத்தின் எலும்பு ஒன்று, அவ்வளவே. வேடிக்கை அதற்குப் பிறகு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்களுக்கு 6 பிராமணரல்லாத இந்துக்களுக்கு, 2 பிராமணருக்கு என்று பங்கு வைத்திருந்தது. 1951 ஏப்ரலில், செண்பகம் துரைராஜன் வழக்கில், உச்ச நீதிமன்றம் இதே 29(2)ஐக் காட்டி அதைச் செல்லாது என்றது. தனிப்பந்தியை எதிர்த்தவர்களின் கோரிக்கையான வகுப்புவாரிப் பங்கு, தனிப்பந்திக்கு எதிரானது போன்ற ஒரு விதியாலேயே விழுந்தது! தமிழ்நாடு கொந்தளித்தது, அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தம், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடுகளை அனுமதிக்கும் 15(4)ஐக் கொண்டுவந்தது.

பிள்ளைகளுக்கு முதலில் மரியாதையைக் கற்பிப்போம், தகராறெல்லாம் பிறகு என்பார்கள். இன்னும் கூர்மையான ஆட்சேபமும் உண்டு. 1957 நவம்பர் 26 அன்று பெரியாரின் தொண்டர்கள், சாதியைக் காப்பதாக அவர்கள் கருதிய பிரிவுகளுக்காக அரசமைப்பைக் கொளுத்திச் சிறை சென்றார்கள்; இதற்கென்றே மூன்றாண்டு வரை தண்டனை தரும் சட்டம் அம்மாதமே இங்கே நிறைவேறியிருந்தது. இதை வகுப்பில் சொன்னால் எரித்தது சரியென்று பிள்ளைகள் நினைத்துவிட மாட்டார்களா? சொல்வது வேறு, ஒப்புவது வேறு. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது, சாதியை ஒழிக்கவில்லை என்ற எரித்தவர்களின் கேள்வியை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்கக்கூடியதே. எரிக்காமலும் மாற்றலாம் என்று ஆசிரியர் பதில் சொல்ல 15(4) கையிலிருக்கிறது. கேள்வியை மறைத்தால் அந்தப் பதிலுக்கும் இடமில்லை.

திருநெல்வேலி மாவட்டத்தில் வகுப்பில் சாதியைப் பேசினால் பகைதான் வளரும் என்ற அச்சத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவனின் வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. உறுதிமொழிக்கு நீட்டும் மணிக்கட்டிலேயே சாதி ஏறிவிட்டது. நாம் வாயை மூடிக்கொள்வதால் அது இறங்கப்போவதில்லை. அதைவிட ஒரு கேள்வியை வகுப்பில் போட்டுப் பார்க்கலாம்: குருகுலத்துப் பெற்றோரைப் போல இருவர் இன்று வந்து, எங்கள் பிள்ளைக்குச் சத்துணவைத் தனியாக வையுங்கள் என்றால், தலைமையாசிரியர் எந்தப் பிரிவைக் காட்டி மறுப்பார்? 29(2) சேர்க்கையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. 15ஐயும் 17ஐயும் புரட்ட வேண்டியிருக்கும். ஒரு பீரியடில் முடியாது.